வடிகட்டி விதி போட்டும் ஸ்பேம் குறையவில்லை, வேண்டிய மடல்தான் தொலைகிறது

கேள்வி
வணக்கம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் ஓராண்டாகச் சேர்த்த வடிகட்டி விதிகள் அறுபதைத் தாண்டிவிட்டன. ஸ்பேம் எனும் வேண்டாத மடல் வரும் முகவரி ஒவ்வொன்றையும் தடுக்கிறேன். மறுநாளே அதே மடல் வேறொரு முகவரியிலிருந்து வந்துவிடுகிறது. வரிச் சலுகை என்ற பெயரில் மோசடி மடல்கள் குவிந்ததால், உள்ளே ‘வரி’ என்று இருந்தாலே அழித்துவிடும்படி சென்ற மாதம் ஒரு விதி எழுதினேன். அதன்பின் நேர்காணல் அழைப்பு ஒன்று என் கண்ணில் படாமலே போய்விட்டது. அதில் வரியைப் பற்றிய பேச்சே இல்லை என்கிறார் அனுப்பியவர். தவறு எங்கே?

மறுமொழி 1
அந்த அழைப்பில் நேர்காணல் நடக்கும் இடத்தின் ‘முகவரி’ இருந்திருக்குமே! தண்டர்பேர்டின் ‘உள்ளடக்கும்’ நிபந்தனை சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடரைத்தான் பார்க்கிறது. ஆகவே ‘முகவரி’, ‘விவரித்து’ எல்லாம் அந்த விதியில் சிக்கும். மறுபுறம், ‘கடன்’ என்று விதி எழுதினால் ‘கடனை’, ‘கடனுக்கு’ ஆகியவை புள்ளி இல்லாததால் நழுவிவிடும். வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் சொல்லை நம்பி ஸ்பேமைப் பிடிப்பது வீண் வேலை. எந்த விதிக்கும் ‘அழி’ என்ற கட்டளையைக் கொடுக்காதீர்கள். தனி அடைவுக்கு நகர்த்தி, வாரம் ஒருமுறை பாருங்கள்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஆனால் அணுகுமுறையையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஸ்பேம் அனுப்புபவர் முகவரியை நொடியில் மாற்றுவார். உங்களுக்கு வேண்டியவர்களோ அப்படி மாற்றுவதில்லை. எனவே விதிகளை வேண்டிய மடல்களுக்கு எழுதுங்கள்: முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களின் மடல் ஓர் அடைவுக்கு, செய்திமடல்கள் இன்னொன்றுக்கு. விதிகள் மேலிருந்து கீழாக இயங்குவதால், முக்கியமானதை முதலில் வைத்து, அதன் இறுதியில் ‘வடிகட்டலை நிறுத்து’ என்ற செயலையும் சேர்த்துவிடுங்கள். எஞ்சியதைத் தண்டர்பேர்டின் கற்கும் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ஸ்பேமை ஸ்பேம் என்று குறிப்பதோடு, தவறாகப் பிடிபட்ட நல்ல மடலையும் அப்படியல்ல என்று குறித்தால்தான் அது ஒழுங்காகக் கற்கும்.

மறுமொழி 3
ஓர் எச்சரிக்கை. உங்கள் சொந்த முகவரி முகவரிப் புத்தகத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அனுப்புநர் பகுதியில் யார் பெயரையும் போலியாக எழுத முடியும் என்பதால், நீங்களே உங்களுக்கு அனுப்பியதுபோல் வரும் ஸ்பேம் நேராக உள்ளே வந்துவிடும்.

கேட்டவர்
மிக்க நன்றி. ‘வரி’ விதியை நீக்கிவிட்டுக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நேர்காணல் அழைப்போடு இன்னும் மூன்று நல்ல மடல்கள் அங்கே கிடந்தன. மூன்றிலும் ‘முகவரி’ இருக்கிறது. வேறொரு நாள் தர இயலுமா என்று நேர்காணலுக்கு அழைத்தவருக்கு இப்போதுதான் எழுதினேன்.