எல்டிஓ டிரைவ் ஒரு கார்ட்ரிட்ஜை மட்டும் உள்ளே இழுத்துத் திருப்பி அனுப்புகிறது: பழுது எதில்?

பேக்கப் பாலன் (கேள்வி):

வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் பேக்கப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் இரண்டு எல்டிஓ-8 (தரவைக் காந்த டேப்பில் சேமிக்கும் ஒரு வகை) டிரைவ்கள் கொண்ட சிறிய டேப் லைப்ரரி ஒன்று உள்ளது; கார்ட்ரிட்ஜ்களை அடுக்கி வைத்து, ரோபோ கையால் டிரைவில் போடும் பெட்டி அது. வெளியூர்க் காப்பறையில் வைத்திருந்த பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ்கள் சென்ற வாரம் கூரியரில் திரும்பி வந்தன. பதினொன்று சிக்கலின்றிப் படிக்கின்றன. மீதமுள்ள ஒன்றை ரோபோ கை முதல் டிரைவின் வாயில் வைத்ததும் அது உள்ளே போகிறது. ‘டக்’ என்று கீழே அமரும் சத்தமும் கேட்கிறது. அதன் பின் ஏதோ ஒரு சிறு உறுப்பு இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய்வருவது போன்ற மெல்லிய ஒலி வருகிறது. சற்று நேரத்தில் கார்ட்ரிட்ஜ் வெளியே வந்துவிடுகிறது. ஏற்ற முடியவில்லை என்பதற்கு மேல் திரையில் எந்த விவரமும் இல்லை.

டேப்பைப் படித்து எழுதும் ஹெட்டில் அழுக்கு இருக்குமோ என்று சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை ஒருமுறை ஓட்டினேன். அது ஒழுங்காக ஏறி, ஓடி, முடிந்து வெளியே வந்தது. ஆனால் சிக்கல் தீரவில்லை. இந்தக் கார்ட்ரிட்ஜை இரண்டாவது டிரைவில் போட்டுப் பார்க்கலாமா, அல்லது முதல் டிரைவைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டுமா? உள்ளே போன பிறகு என்னதான் நடக்கிறது என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அரையங்குல நாடா (பதில்):

பாலன் அவர்களுக்கு, முதலில் அந்தக் கார்ட்ரிட்ஜை இரண்டாவது டிரைவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கெட்டுப்போன கார்ட்ரிட்ஜ் நல்ல டிரைவைக் கெடுக்கும். கெட்ட டிரைவ் அடுத்து வரும் நல்ல கார்ட்ரிட்ஜையும் கெடுக்கும். எது பழுது என்று தெரியாமல் இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே இரண்டு டிரைவ்களையும் இழந்தவர்கள் உண்டு.

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. எல்டிஓ கார்ட்ரிட்ஜுக்குள் ஒரே ஒரு ரீல்தான் உண்டு. மற்றொரு ரீல் டிரைவுக்குள் நிரந்தரமாக இருக்கிறது. பழைய ஆடியோ கேசட்டைப் போல இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் டேப்பை வெளியே எடுக்க வேண்டிய தேவையே எழாது. இங்கோ டிரைவ் ஒவ்வொரு முறையும் டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து, உருளைகளையும் ஹெட்டையும் தாண்டி இழுத்துச் சென்று, தன் ரீலில் மாட்ட வேண்டும். அந்த நுனியில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய உலோகத் தண்டுதான் லீடர் பின்.

நீங்கள் கேட்ட ஒலிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். கார்ட்ரிட்ஜ் உள்ளே சரியும்போதே அதன் பக்கவாட்டுக் கதவை டிரைவில் உள்ள ஓர் உறுப்பு தள்ளித் திறந்துவிடுகிறது. பிறகு தட்டு கீழே இறங்குகிறது. கார்ட்ரிட்ஜின் அடிப்புறக் குழிகளில் டிரைவின் நிலைநிறுத்தும் ஊசிகள் பொருந்துகின்றன. அடிப்பக்கத்தின் நடுவே வட்டத் துளைக்குள் பல்வரிசையும் ஓர் உலோகத் தகடும் தெரிகின்றன அல்லவா? மோட்டார் அச்சில் இருக்கும் காந்தம் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்ள, பல்லோடு பல் கோத்துக்கொள்கிறது. அதே அமர்வில் ரீலைப் பூட்டி வைத்திருக்கும் பிரேக்கும் விடுபடுகிறது. உங்கள் ‘டக்’ அதுதான். ஆக, இதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

அடுத்து, பின்னைப் பிடிக்கும் உறுப்பு கதவுப் பக்கம் வந்து அதன் இரு முனைகளையும் கவ்வ வேண்டும். முன்னும் பின்னும் போய்வரும் மெல்லிய ஒலி என்று நீங்கள் எழுதியது, அது பின்னைத் தேடிக் கிடைக்காமல் மீண்டும் முயல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜிலும் இதே போன்ற பின்னும் டேப்பும்தான் இருக்கின்றன. அது ஏறி ஓடி முடிந்தது என்றால் கவ்வும் உறுப்பு நன்றாகவே வேலை செய்கிறது என்று பொருள். எனவே டிரைவை அனுப்ப வேண்டாம். மேசையில் நல்ல வெளிச்சத்தில் அந்தக் கார்ட்ரிட்ஜின் கதவை விரலால் மெதுவாகத் திறந்து, லீடர் பின் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

மூன்றாம் ஷிப்ட் (பதில்):

மேலே நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். டிஎல்டி என்ற பழைய வகை டேப் டிரைவ்கள் புழங்கிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவன் நான். அவற்றில் பின் கிடையாது; டேப்பின் நுனியில் ஒரு வளையம் இருக்கும், டிரைவில் உள்ள கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும். முகப்பில் ஒரு கைப்பிடி உண்டு. அதை இயக்கலாம் என்று விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் விளக்கு எரிவதற்கு முன்பே நான் கைப்பிடியைத் தூக்கிவிட்டேன். கொக்கி நழுவி டேப் முழுவதும் டிரைவின் ரீலில் சுற்றிக்கொள்ள, என் கையில் வெறும் பெட்டி மட்டும் வந்தது. அதற்கும் முன்னே, 1984-இல் வந்த ஐபிஎம் 3480 கார்ட்ரிட்ஜில் டேப்பின் நுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டை இருந்தது. வடிவம் எப்படி மாறினாலும், ஒற்றை ரீல் இருக்கும் வரை நுனியைப் பிடிக்கும் இந்த இடம்தான் நோஞ்சான்.

பேக்கப் பாலன்:

இருவருக்கும் நன்றி. கதவைத் திறந்து பார்த்தேன். பின்னின் மேல் முனை, கார்ட்ரிட்ஜுக்குள் அதைப் பிடித்து வைக்கும் கவ்வியில் இருக்கிறது. கீழ் முனை கவ்வியிலிருந்து கழன்று உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பெட்டியின் ஒரு மூலையில் நகக்கண் அளவு நசுங்கலும் தெரிகிறது. வழியில் கீழே விழுந்திருக்க வேண்டும். நானே நிமிர்த்தலாமா? அப்படி நிமிர்த்தினால் டேப் ஒரு மயிரிழை மேலோ கீழோ ஏறி, படிக்க முடியாமல் போய்விடாதா?

அரையங்குல நாடா:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் கவலை தேவையில்லை. லீடர் பின் செய்வது டேப்பை இழுத்துச் சென்று மாட்டும் வேலை மட்டுமே. படிக்கும்போது ஹெட் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. எல்டிஓ-8 டேப்பின் அகலம் 12.65 மி.மீ.; அதில் 6,656 தடங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு தடத்துக்கு இரண்டு மைக்ரோமீட்டர்கூட இல்லை. எந்த ஊசியும் குழியும் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. அதனால்தான் தயாரிக்கும்போதே டேப்பின் நீளம் நெடுக ஹெட்டுக்கு இடம் காட்டும் ஐந்து சர்வோ பட்டைகளை எழுதிவிடுகிறார்கள். அவற்றில் சாய்கோடுகள் அம்புமுனை வடிவில் தொடர்ந்து இருக்கும். சாய்வு எதிரெதிராக இருப்பதால், ஒரு கோட்டைக் கடந்து அடுத்ததைத் தொட ஆகும் நேரம் ஹெட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. அந்த நேரத்தை அளந்தே டிரைவ் ஹெட்டை ஓயாமல் நகர்த்துகிறது. பெரிய நகர்வுக்கு ஒரு மோட்டாரும், நுண்ணிய நகர்வுக்கு ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற ஒரு சுருளும் உண்டு. ஒரே நேரத்தில் 32 தடங்கள் என்ற கணக்கில், ஒரு டேப்பை முழுதாக நிரப்ப 960 மீட்டர் நீளத்தை 208 முறை கடக்க வேண்டும். அத்தனை முறையும் இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கும்.

பின்னை நிமிர்த்தலாம். ஆனால் கத்தி, திருப்புளி போன்ற கூர்மையான எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றால் கீழ் முனையைத் தொட்டுக் கவ்வியை நோக்கி நகர்த்தி, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே விழுவது விரலுக்கே தெரியும். டேப் தளர்ந்து தொங்கினால் அதையும் உள்ளே சுற்ற வேண்டும். பிரேக் பூட்டியிருக்கும் என்பதால் வெறும் விரலால் ரீல் சுழலாது. அதற்கென்று உள்ள சுற்றும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். டேப்பின் பரப்பை விரலால் தொடாதீர்கள்.

மூன்றாம் ஷிப்ட்:

இங்கே மட்டும் ஒரு சிறு மாற்றுக் கருத்து. அந்தத் தரவுக்கு வேறு பிரதி இல்லை என்றால், நானாக இருந்தால் கை வைக்க மாட்டேன். தரவு மீட்பவர்களிடம் கொடுத்துவிடுவேன். பின் கழன்றது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விழுந்த வேகத்தில் ரீலின் விளிம்பு விரிசல் கண்டிருந்தால் அது தெரியாது. கார்ட்ரிட்ஜை மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் கலகலத்தால் டிரைவில் போடவே வேண்டாம்.

அரையங்குல நாடா:

உடன்படுகிறேன். அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பேக்கப் பாலன்:

வேறொரு பிரதி கைவசம் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே தொட்டேன். குலுக்கியபோது ஓசை எதுவும் இல்லை; டேப்பும் தளர்ந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தியபோது கீழ் முனை சின்னச் சொடுக்குடன் கவ்விக்குள் போனது. முதல் டிரைவிலேயே போட்டேன். ‘டக்’கிற்குப் பிறகு அந்தத் தேடும் ஒலி இல்லை, நேரே டேப் ஓடத் தொடங்கியது. முழுவதையும் புதிய கார்ட்ரிட்ஜுக்குப் படியெடுத்துவிட்டேன். பழையதன் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அலமாரியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். இனி கூரியரில் வருபவை அனைத்தையும் லைப்ரரியில் அடுக்குவதற்கு முன் கதவைத் திறந்து பார்க்குமாறு அறையில் உள்ளவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.