புதுப்பிப்பு: சீவ் ஸ்கிரிப்டில் ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் விழுந்த பிரச்சினை தீர்ந்தது

வரும் மெயிலைத் தானாக ஃபோல்டர்களில் பிரித்துப் போட, சீவ் (Sieve) என்ற மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் கேட்டிருந்தேன்: வங்கி மெயில் ‘வங்கி’ ஃபோல்டருக்கும் போகிறது, ‘மற்றவை’க்கும் போகிறது, ஏன் என்று. காரணம் கிடைத்துவிட்டது.

ஸ்கிரிப்டில் முதலில் வங்கிக்கு ஓர் இஃப் (if, ‘இப்படி இருந்தால்’), அடுத்து பில்களுக்கு இன்னொரு இஃப், கடைசியில் ‘மற்றவை’க்கு எல்ஸ் (else, ‘இல்லையென்றால்’). எல்லாம் ஒரே சங்கிலி என்று நினைத்திருந்தேன். இல்லை! எல்ஸ் தனக்கு நேர் மேலே இருக்கும் இஃபோடு மட்டும்தான் சேரும். வங்கி மெயில் முதல் இஃபில் பொருந்தியது. இரண்டாவதில் பொருந்தவில்லை, அதனால் எல்ஸும் ஓடியது. மெயிலை ஒரு ஃபோல்டரில் போடும் ஃபைல்இன்டூ (fileinto) கட்டளை வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே முடிந்துவிடும் என்பதும் என் தவறான எண்ணம். சீவ் மொழியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 5228-இன்படி அது இன்பாக்ஸில் தானாகச் சேர்வதை மட்டும் ரத்து செய்யும். அடுத்த வரிகள் தொடர்ந்து ஓடும்.

இரண்டாவது இஃபை எல்ஸ்இஃப் (elsif, ‘மேலே உள்ளது பொருந்தாவிட்டால் மட்டும் இதைப் பார்’) ஆக்கினேன், சரியாகிவிட்டது. முதல் பிளாக்கின் முடிவில், ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும் ஸ்டாப் (stop) போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் எல்ஸ்இஃப் என்றால் படிக்கும்போதே புரியும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இதைக் காட்டிக்கொடுத்தது டவ்காட் (Dovecot) மெயில் சர்வரோடு பயன்படுத்தும் சீவ்-டெஸ்ட் கருவி. ஸ்கிரிப்டையும் சேமித்த ஒரு மெயிலையும் கொடுத்தால், எதையும் டெலிவர் செய்யாமல் என்னென்ன நடக்கும் என்று சொல்லும். அதில் இரண்டு ஃபோல்டர் பெயரும் அடுத்தடுத்து வந்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

அப்புறம், இன்னொரு பிழையும் அகப்பட்டது. எனிஆஃபுக்குள் (anyof, ‘ஏதாவது ஒன்று உண்மையானால் போதும்’) இரண்டு நாட் (not, ‘இல்லை’) வைத்திருந்தேன்: ‘அனுப்பியவர் அண்ணன் இல்லை, அல்லது அக்கா இல்லை’. அண்ணன் அனுப்பினால் அக்கா இல்லை. அக்கா அனுப்பினால் அண்ணன் இல்லை. எப்போதும் உண்மைதான்! அங்கே ஆல்ஆஃப் (allof, ‘எல்லாமே உண்மையாக வேண்டும்’) போட்டுவிட்டேன்.