கூட்டாளி விட்டிட்டு போன பைக்கை அவன்ட மச்சான் வந்து கேக்குறார், குடுக்கலாமா?

உப்புவெளிப் பொடியன்:
ஆராச்சும் சட்டம் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. என்ட கூட்டாளி கட்டாருக்கு போகேக்க பைக்கையும் ரெண்டு பெட்டி சாமானையும் எங்கட வீட்டில வச்சிட்டு போனவன், கெதியா வந்திருவன் எண்டவன் இன்னும் வரேல்ல. எழுத்தில ஒண்டும் இல்ல, வாய்ப்பேச்சு மட்டும்தான். இப்ப அவன்ட அக்காட புருசன் மூதூரில இருந்து வந்து பைக்கை தாங்கோ எண்டு நிக்கிறார், இவன் போன் எடுக்கிறானில்ல. எனக்கும் அவன் நாப்பதாயிரம் தரோணும், அதுக்கு பைக்கை புடிச்சு வச்சா என்ன? மழைக்கு வெளிய நிண்டு கறள் பிடிச்சா நானா பொறுப்பு?

ஐந்துலாம்படி:
வித்து காசை எடுங்கோ தம்பி, அவன் வந்து கேட்டா பாப்பம் 😄

கறுப்புக்கோட்:
மேல சொன்னதை தயவுசெய்து செய்யாதீங்கோ. நம்பி தந்த சாமானை நேர்மையில்லாம வித்தாலோ அடகு வச்சாலோ அது நம்பிக்கை மோசடி, இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 388ம் பிரிவு, வெறும் காசுப் பிரச்சினை இல்ல, பொலிசுக்கு போற கேஸ். காசு தரோணும் எண்டுறதுக்காகவும் பைக்கை வச்சிருக்க ஏலாது, அந்தக் கடன் வேற, இந்தப் பைக் வேற, கடனுக்கு தனியா வழக்கு போடலாம். ஆனா பைக்கை காப்பாத்த அவசியமா செலவழிச்ச காசு இருந்தா (ஒழுகிற கூரைக்கு தறப்பாள் வாங்கிப் போட்டது மாதிரி) அதைத் தரும்வரைக்கும் வச்சிருக்கலாம், பில்லை எறியாதீங்கோ.

கறளைப் பற்றி: எங்கட சட்டம் இதில ரோமன் டச்சு (ஒல்லாந்தர் காலத்தில வந்த சட்டம்). காசு வாங்காம சும்மா வச்சிருக்கிற ஆளுக்கு பொறுப்பு குறைவுதான், வேணுமெண்டு செய்ததுக்கும் படுமோசமான கவலையீனத்துக்கும்தான் பதில் சொல்லோணும். மாதம் வாடகை வாங்கினா சாதாரண கவலையீனத்துக்கும் மாட்டுவீங்க. ஆனா சாமான் காணாமப் போனா எப்பிடிப் போனது எண்டு விளக்கம் சொல்லவேண்டியது நீங்கதான். திறப்பை பைக்கிலயே விட்டிட்டு ரோட்டில நிப்பாட்டினா சும்மா வச்சிருந்தனான் எண்டு தப்பேலாது.

நிலாவெளி ராணி:
நீங்க ஓடுறீங்களா தம்பி? எங்கட தெருவில ஒருத்தர் இப்பிடி வச்சிருந்த பைக்கில மகனை டியூசனுக்கு அனுப்பி, அது அலஸ்தோட்டத்தடியில போய் அடிபட்டு, பாத்தா இன்சூரன்ஸும் இல்ல வரிப்பத்திரமும் முடிஞ்சு கிடக்கு, பைக்காரனோட இண்டைக்கும் கதைபேச்சில்ல.

கறுப்புக்கோட்:
அதுதான். பாத்துக்கொள்ள தந்ததை ஓடக்கூடாது. ஓடச்சொல்லித் தந்திருந்தா அது இரவல், அதுக்கு கவனம் இன்னும் கூட வேணும். மச்சானுக்கும் கூட்டாளிட வாயால கேக்காம குடுக்காதீங்கோ, சொந்தக்காரர் எண்டதால அவர் உரிமையாளர் ஆகமாட்டார். வாட்ஸப்பில ஒரு வொய்ஸ் போதும், எழுத்து எண்டா இன்னும் நல்லம். குடுக்கேக்க மீட்டர், சேஸி நம்பரோட போட்டோ எடுத்து கையெழுத்தும் வாங்குங்கோ.

உப்புவெளிப் பொடியன்:
ஓடேல்ல அக்கா, கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்றதுதான், அதுக்கும் அம்மா புகை எண்டு பேசுவா. இப்பதான் சீட்டுக்கு கீழ கிடந்த பைக்கிட பதிவுப் புத்தகக் கொப்பியைப் பாத்தன், முழு உரிமையாளர் எண்டு ஒரு லீசிங் கம்பனிட பேர் கிடக்கு. இது என்ன புதுக் கரைச்சல்?

கறுப்புக்கோட்:
லீசிங் காசு இன்னும் கட்டி முடியேல்லப் போல. அப்ப மச்சானுக்கு குடுக்கிறது இன்னும் பிழை. கூட்டாளிக்கு மெசேஜ் போட்டு ஸ்கிரீன்ஷொட் வச்சிருங்கோ: மச்சான் கேக்குறார், கம்பனி பேரும் கிடக்கு, நீ என்ன சொல்றாய் எண்டு. கம்பனியால பைக்கை சீஸ் பண்ண (எடுத்துக்கொண்டு போக) ஆக்கள் வந்தா ஒளிக்கவும் வேணாம், உடன தூக்கிக் குடுக்கவும் வேணாம், கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கோ, சண்டித்தனம் காட்டினா பொலிசுக்கு அடியுங்கோ. மச்சான் தொடர்ந்து கரைச்சல் தந்தா பிணக்கைப் பேசித் தீர்த்து வைக்கிற மத்தியஸ்த சபைக்கு போடலாம், வக்கீல் காசு இல்லாம முடியும். பெட்டி ரெண்டையும் திறக்காதீங்கோ.

உப்புவெளிப் பொடியன்:
ஒரு பெட்டியை எலி ஏற்கனவே திறந்திட்டுது அண்ணா 😅 போட்டோ எடுத்து அனுப்புறன் அவனுக்கு.