'கேரியர் ஆஃப் ஈவில்' பாதியில் நிற்கிறேன், காதல் பகுதி வேட்டையைக் கெடுக்கிறதா?

பக்கம்புரட்டி:
ராபர்ட் கால்பிரைத் என்ற பெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதிய 2015 நாவல். ஆரம்பமே தூக்கிவாரிப் போட்டது. தனியார் துப்பறிவாளர் ஸ்ட்ரைக்கின் லண்டன் டென்மார்க் தெரு ஆபீஸ் வாசலில் கூரியர்காரர் பார்சலை நீட்டுகிறார், தன் கல்யாணத்துக்கு ஆர்டர் செய்த கேமராக்கள் என்று நினைத்து அவனோடு வேலை பார்க்கும் ராபின் பிரிக்கிறாள், உள்ளே ஒரு பெண்ணின் வெட்டிய கால். ஆனால் அதற்கப்புறம் அவள் கட்டிக்கொள்ளப்போகும் மாத்யூவோடு சண்டை, ஸ்ட்ரைக் பக்கத்தில் இருந்தால் ஒரு தயக்கம் என்றே நிறையப் பக்கம் போகிறது. கொலைகாரன் எங்கே? முந்தைய இரண்டு புத்தகங்களைப் படிக்காமல் வந்ததுதான் காரணமா?

நிலாமுற்றம்:
எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. கொலைகாரன் பார்வையில் வரும் அத்தியாயங்களை இன்னொரு முறை பாருங்கள். ராபின் அவனுக்கு வெறும் 'செக்ரட்டரி', கூட வாழும் பெண்ணை 'அது' என்கிறான், அவளுக்கு உயர்திணைகூடக் கிடையாது. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, ராபின் மாத்யூவோடு கோபித்துக்கொண்டு தனியாகத் தெருவில் இறங்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அவன் பின்னால் வருவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தச் சண்டைகள் இல்லாவிட்டால் பயமே இல்லை.

கிழக்குச்சன்னல்:
காதல் சரி, எனக்கு இழுத்தது சந்தேக ஆட்கள்தான். போலீஸ் மாலி என்ற ரௌடியைத் தேடுகிறது, ஸ்ட்ரைக் மட்டும் லேங், பிராக்பேங்க், தன் மாற்றாந்தந்தை விட்டேக்கர் மூவரையும் விடாமல் துரத்துகிறான். யார் எந்த ஊர், யார் ராணுவத்தில் இருந்தவன் என்பது குழம்பி, ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஆனால் இருவரும் பழைய லேண்ட் ரோவர் வண்டியில் வடமேற்கு இங்கிலாந்தின் பாரோ ஊர் வரை போகும் பயணம் இருக்கிறதே, அதைத் தாண்டிவிட வேண்டாம். காதல் என்ற சொல்லே வராமல் அவ்வளவு நெருக்கம் அதில் இருக்கிறது.

பாரதிவாசகி:
வரிசையாகப் படிப்பதே நல்லது. 2013ல் வந்த முதல் புத்தகத்தில்தான் ராபின் தற்காலிக வேலைக்கு வந்து சேர்கிறாள், ஆப்கானிஸ்தானில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்த ஸ்ட்ரைக்கை நமக்கும் அப்போதுதான் தெரியும். அவன் ஆபீசுக்கே ஒரு கால் வருவதன் கொடூரம் அதைப் படித்தவருக்குக் கூடுதலாக உறைக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், ராபின் படிப்பைப் பாதியில் விட்ட காரணம் இந்த நாவலில்தான் வெளிவருகிறது, பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை இரண்டும் இருக்கின்றன. மனம் தளர்ந்திருக்கும் நாளில் எடுக்காதீர்கள். அப்புறம், கடைசிக் காட்சியை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அடுத்த 'லீத்தல் ஒயிட்' அதே நாளிலிருந்து தொடங்குகிறது, அதற்காக 2018 வரை காத்திருந்தவள் நான்.

பக்கம்புரட்டி:
நன்றி எல்லோருக்கும். நேற்று இரவு கொலைகாரனின் அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படித்தேன். ராபின் கல்யாண வேலையாக அலைந்த இடத்தில் நான் வேகமாகப் பக்கம் புரட்டியிருக்கிறேன், இப்போது அங்கிருந்தே மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.