கண்ணுக்கு அம்மா, காதுக்கு 'எம், கே, செமி'

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் துணை: கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக். என்விடிஏவுக்குக் காசு கிடையாது, தமிழும் படிக்கும். ஆனால் எல்லாத் தமிழையும் படிக்காது. எங்கள் ஊர்த் திருவிழா பற்றிய பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தால் ஒரே உளறல். அம்புக்குறி விசையை அழுத்தி எழுத்து எழுத்தாகக் கேட்டேன்: "எம், கே, செமி, கே, எச்." பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' அப்படித்தான். எழுத்துரு காட்டும் உருவம்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தட்டச்சில் பாமினி பழகியிருந்ததால் பிடிபட்டது. இப்போதைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிப் படித்தேன். பழகாதவர்கள் பக்கமே பழுது என்று மூடிவிட்டுப் போவார்கள்.

இதையாவது மாற்றிக்கொள்ளலாம். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் என்று ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் பெரிய தொல்லை. உள்ளே ஒரு எழுத்துகூட இருக்காது, வெறும் படம். கடைசித் தேதியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

---

அண்ணா சொல்வது சரி. என் தொல்லை வேறு. வங்கிச் செயலியில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் சோதனை. "முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள், கண் சிமிட்டுங்கள்" என்றது. வட்டம் எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணும் சிமிட்டாது. கடைசியில் கிளைக்கே போனேன். இதே சிக்கலை ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு எண்ணைக் குறித்து வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும், பார்ப்போம்.

---

நான் வலைத்தளம் வடிவமைப்பவன். போன வாரம் பார்வையற்ற நண்பர் ஒருவர் ஒரு கல்லூரித் தளத்தைத் திறந்து எச் விசையைத் தட்டினார். தலைப்புக்குத் தலைப்பு தாவ வேண்டிய விசை அது. "அடுத்த தலைப்பு இல்லை" என்றே பதில். தலைப்பெல்லாம் வெறுமனே தடித்த எழுத்து, நிரலில் தலைப்புக் குறியே போடவில்லை. இணைப்புகளைப் பட்டியல் எடுத்தால் வரிசையாக 'மேலும் படிக்க', 'மேலும் படிக்க'. எதைப் படிக்க? ஒரு மாலையில் சரிசெய்கிற வேலைதான் இதெல்லாம். அப்புறம், படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பு, எழுதுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

முதலில் எழுதியவன்தான். 'இது ஒரு படம்' என்று தொடங்காதீர்கள் தம்பி, படம் என்பதை என்விடிஏவே சொல்லிவிடும். அதில் யார், என்ன செய்கிறார், அது போதும்.