சின்சில்லா புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் சிறுத்துவிட்டது: ஆயுத பூஜைப் பொரியா, வண்ணப் பொம்மையா?

பெரம்பூர்_பொண்ணு (இரவு 9.40)

எங்கள் வீட்டில் ஒன்றரை வயது ஆண் சின்சில்லா (அடர்ந்த ரோமமுள்ள, கொறித்துத் தின்னும் சின்னப் பிராணி) இருக்கிறது. பெயர் விபூதி. குளியலுக்குப் பதிலாகச் சாம்பல் தொட்டியில் உருண்டுவிட்டு எழுந்து உதறுவதைப் பார்த்து எங்கள் பாட்டி வைத்த பெயர்.

நேற்று ஆயுத பூஜை. வியாசர்பாடியில் வீட்டுக்காரருடைய லேத் பட்டறையில் பூஜை முடிந்து, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாம் மூட்டையாக வீட்டுக்கு வந்தது. நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேரும் இங்கேதான் இருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் கூண்டுக் கம்பி வழியாக ஊட்டியிருக்கிறார்கள். "ஒண்ணே ஒண்ணுதான் அத்தை" என்கிறான் பெரியவன். சின்னவளைக் கேட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து நாளைக்கு முன் ஒரு கடிக்கும் பொம்மை வாங்கி மாட்டினேன். சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட மரத்துண்டுகள், நடுவில் சிவப்பு நூல் கயிறு, அடியில் பிளாஸ்டிக் மணி. இன்று பார்த்தால் ஒரு துண்டு பாதி இல்லை, கயிற்றில் இரண்டு அங்குலம் காணோம். மணி மட்டும் முழுசாக இருக்கிறது. பாக்கெட்டில் "எல்லாச் சிறு பிராணிகளுக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தான்.

வழக்கமாகப் புழுக்கை கவுனி அரிசி மாதிரி கருப்பாக, நீளமாக இருக்கும். இன்று மதியத்திலிருந்து மிளகைவிடச் சின்னது, அதுவும் பத்துப் பன்னிரண்டுதான். அன்றாடத் தீனியான திமோத்தி என்ற காய்ந்த புல்லைக் காலையிலிருந்து தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. போன ஞாயிறு 560 கிராம் இருந்தது, இப்போது 541.

அம்மா ஓம வாட்டர் கொடு என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறார். குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப் இருக்கிறது, இரண்டு சொட்டு விடலாமா என்று கேட்கிறார். காலை வரை காத்திருக்கலாமா?

வால்டாக்ஸ்_ரோடு (9.52)

பயப்படாதீர்கள் சகோதரி. எங்கள் முயலுக்கும் இப்படித்தான் வரும். ஓம வாட்டர் இரண்டு சொட்டு, கொஞ்சம் கேரட், கொத்தமல்லி கொடுத்தால் காலையில் துள்ளும்.

கொளத்தூர்_அண்ணன் (9.58)

தம்பி, முயல் வேறு, இது வேறு. சின்சில்லா ஆண்டிஸ் மலையின் காய்ந்த உயரத்தில் வாழ்ந்த பிராணி. காய்ந்த புல்லையும் புதரையும் தின்றே பழகிய வயிறு. சர்க்கரை, மாவுச்சத்து, ஈரமான கீரை எது போனாலும் உள்ளே புளித்து வாயு கட்டும். கேரட்டில் இருக்கும் இனிப்பே இப்போது அதிகம். ஓம வாட்டரும் வேண்டாம்.

தங்கச்சி, ஏழு வருஷமாக இரண்டு சின்சில்லா வைத்திருக்கிறேன். இவற்றால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே போயாக வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும். முதலில் இதைச் சொல்லுங்கள்: வயிற்றை விரலால் மெல்லத் தொட்டால் மெத்தென்று இருக்கிறதா, மேளம் மாதிரி விறைத்திருக்கிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா?

வெப்பேரி_மாணவி (10.03)

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த சிரப். குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அமாக்ஸிசிலினாகத்தான் இருக்கும். அதை வாய்வழியாகச் சின்சில்லாவுக்குக் கொடுக்கவே கூடாது. புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளை அது குடலில் கொன்றுவிடும், அந்த இடத்தில் விஷக் கிருமிகள் பெருகும். இன்று வாயுவோடு நிற்கிற பிரச்சினை நாளை உயிருக்கு வந்துவிடும். அண்ணனிடம் நன்றி சொல்லி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அரை நாள் சாப்பிடாத சின்சில்லா அவசர கேஸ்தான். குடல் நின்றுபோக ஆரம்பித்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இன்றிரவே இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கிற மருத்துவர் யாராவது போனில் கிடைக்கிறாரா பாருங்கள். வயிறு விறைத்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

பெரம்பூர்_பொண்ணு (10.21)

மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் இடது பக்கம் லேசாக உப்பல். பல் கடிக்கவில்லை. ஒரு மருத்துவர் போனை எடுத்தார், காலை முதல் ஆளாக வரச் சொன்னார். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கவா?

கொளத்தூர்_அண்ணன் (10.34)

விறைப்பு இல்லை என்பதால் சொல்கிறேன். கூண்டைத் திறந்து அறைக்குள் நடக்க விடுங்கள், நடந்தால் குடல் அசையும். தின்கிற பெல்லட் (பொடித்து அழுத்திய தீனித் துண்டு) தனியாக இருக்கிறதா, கலவையா? சோளம், சூரியகாந்தி விதை, வண்ண உருண்டை எல்லாம் கலந்ததாக இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வெறும் திமோத்தி பெல்லட் இருந்தால் நாலைந்தை மிக்ஸியில் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மென்று விழுங்கட்டும், பீய்ச்சாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். மருத்துவர் போனை எடுப்பவர் என்றால் இதையும் அவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். கயிறு காணோம் என்பதை அவரிடம் சொன்னீர்களா? உள்ளே அடைப்பு இருந்தால் மேலே மேலே ஊட்டுவது கெடுதல்.

வயிறு இறுகினாலோ, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாலோ இங்கே பதில் வருகிறதா என்று பார்க்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

பெரம்பூர்_பொண்ணு (10.50)

கயிறு விஷயம் சொல்ல விட்டுப்போனது! மறுபடி அழைத்துச் சொன்னேன். கொஞ்சமாக ஊட்டலாம், வயிற்றை மணிக்கொருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் அலாரம் வைத்திருக்கிறார். பாட்டி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூலக்கடை_மோகன் (10.58)

காலையில் பைக்கில் கொண்டு போகாதீர்கள் அக்கா. மழை பெய்தால் பட்டாளம் பக்கம் தண்ணீர் நிற்கும், வெயில் அடித்தால் அது இன்னும் மோசம். ஆட்டோவோ ஏசி டாக்ஸியோ பிடியுங்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தால் போதும். விபூதியின் மேல் தண்ணீர் தெளித்து விடாதீர்கள். ரோமம் அவ்வளவு அடர்த்தி, நனைந்தால் லேசில் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

பெரம்பூர்_பொண்ணு (மறுநாள், பிற்பகல் 2.15)

போய் வந்துவிட்டோம். எக்ஸ்ரேயில் குடலில் வாயு. பெரிய அடைப்பு எதுவும் தெரியவில்லை, ஆனால் நூலும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி ஒரு திரவம் ஏற்றினார். வலிக்கும் குடல் அசைவுக்கும் மருந்து. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் சிரிஞ்சில் ஊட்ட ஒரு பொடி. தினமும் எடை பார்க்க வேண்டும். இன்று 533.

முன்பல்லையும் பார்த்தார். நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, பல்லில் கோளாறு இல்லை என்றார். மஞ்சள் பிடித்த பல் என்று நான் இவ்வளவு நாளாகக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தேன்!

இப்போது நான் கேட்க வேண்டியது: இந்த ஊரில் எதைத்தான் நம்பி வாங்குவது? திமோத்தி புல் கிலோ விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வைக்கோல் கொடுக்கலாமா? மாதவரம் பக்கம் மாட்டுக்காரர்களிடம் கிடைக்கிறது. வேப்பங்குச்சி, கொய்யாக் கிளை?

கொளத்தூர்_அண்ணன் (3.05)

வைக்கோல் வேண்டாம். அது நெல் அறுத்தபின் மிஞ்சும் தாள், சத்து கிடையாது, வயலில் அடித்த மருந்தும் ஒட்டியிருக்கும். மாட்டு வயிற்றில் நாலு அறை, உங்கள் விபூதிக்கு ஒன்றே ஒன்று.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான். வெளிநாட்டில் பெர்முடா ஹே என்று மூட்டை கட்டி விற்பதும் இதைக் காயவைத்துத்தான். ஆனால் பூக்கடை வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பதை வாங்கி அப்படியே போடக்கூடாது. மருந்து அடிக்காத இடத்தில் வளர்த்து, கழுவி, நிழலில் மொரமொரவென்று காயும்வரை உலர்த்தி, திமோத்தியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். நான் மொட்டை மாடியில் நாலு பெயின்ட் வாளியில் வளர்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் பக்திமான் ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

குதிரைமசால் விலை குறைவு என்று அதற்குத் தாவாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் சரி, வளர்ந்த ஆணுக்குத் தினசரித் தீனியாக வேண்டாம்.

புல்லை அரிசி டிரம்மில் அடைத்து மூடி வைக்கிறீர்களா? நான் முதல் வருஷம் அப்படிச் செய்து மூன்று கிலோவைக் குப்பையில் போட்டேன். நம் பக்கம் கடல் காற்று, அதிலும் ஐப்பசி மழை வந்துவிட்டால் மூடிய டப்பாவில் பூசணம் பூக்கும். பழைய தலையணை உறையில் போட்டு ஏசி அறையிலேயே தொங்க விடுங்கள். முகர்ந்து பார்த்தால் வெயில் வாசனை வர வேண்டும், மக்கிய வாசனை வந்தால் தயங்காமல் கொட்டுங்கள். பூசணம் பிடித்த வேர்க்கடலை இன்னும் ஆபத்து. அதில் வரும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு கல்லீரலைத் தின்றுவிடும். பூசணம் இல்லாவிட்டாலும் கொழுப்புக்காகவே கடலை வேண்டாம்.

வெப்பேரி_மாணவி (3.40)

மரம் பற்றி: இவை மரத்தைக் கடித்துத் துப்புவதில்லை, தின்கின்றன. ஆப்பிள், வில்லோ, முசுக்கொட்டை இந்த மூன்றும் நீண்ட நாளாகச் சின்சில்லா வளர்ப்பவர்கள் கொடுத்து வருபவை. நமக்குக் கைக்கு எட்டுவது முசுக்கொட்டைதான். மருந்து அடிக்காத கிளையை வெட்டி, தேய்த்துக் கழுவி, முழுதாக உலர்த்திக் கொடுக்கலாம். எலுமிச்சை, நாரத்தை வகை வேண்டாம். மாமரக் கிளையும் வேண்டாம், அந்தப் பால் பட்டாலே நமக்குத் தோல் வெந்துபோகிறது. தேவதாரு மர இழைப்புத் தூளைத் தரையில் பரப்பாதீர்கள், அந்த நெடி நுரையீரலுக்கு ஆகாது. பட்டறை பக்கத்தில் சும்மா கிடைக்கும் பிளைவுட் துண்டும் கூடாது, அது முழுக்கப் பசை.

வேம்பு நமக்கு மருந்து. மருந்தைப் பொம்மையாக்கி நாள் முழுக்கத் தின்ன விட வேண்டாம்.

சாயம், கயிறு, பிளாஸ்டிக் மூன்றும் ஒரே பொம்மையில் இருந்திருக்கிறது. "எல்லாச் சிறு பிராணிகளுக்கும்" என்று எழுதியிருந்தால் எந்தப் பிராணியையும் மனதில் வைத்துச் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்டாக்ஸ்_ரோடு (4.10)

நான் நேற்று எழுதியதற்கு மன்னியுங்கள் சகோதரி. எங்கள் கடையில் மிஞ்சும் அட்டைக் குழாய்கள் நிறைய இருக்கின்றன, அனுப்பட்டுமா?

கொளத்தூர்_அண்ணன் (4.26)

தம்பி, அச்சு மை, டேப், பசை இல்லாத வெறும் பழுப்பு அட்டையானால் ஒளிந்து விளையாடக் கொடுக்கலாம். ஆனால் தின்ன ஆரம்பித்தால் பிடுங்கிவிட வேண்டும். வயிறு சரியாகும்வரை விபூதிக்கு அதுவும் வேண்டாம்.

இன்னொன்று தங்கச்சி. அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது? 25 தாண்டினாலே இவை திணறும். காது ரத்தச் சிவப்பாக மாறினால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். நான் ஏசியை 21-இல் வைக்கிறேன். கரண்டு போனால் சமாளிக்க கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துப் போட்டால் இரண்டும் ஏறி வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். சாம்பலுக்கு முகப் பவுடரோ கடல் மணலோ போடவில்லையே?

பெரம்பூர்_பொண்ணு (5.02)

இல்லை, எரிமலைச் சாம்பல்தான், வாரத்துக்கு மூன்று தரம், பத்து நிமிஷம். ஏசி 24-இல் இருந்தது, குறைத்துவிட்டேன். கரண்டு பில்லைப் பற்றி வீட்டுக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை.

பெரம்பூர்_பொண்ணு (நான்காம் நாள், காலை 7.30)

இரவில் தானாகவே புல் தின்றது! நான் போர்வைக்குள்ளிருந்து அந்தக் கறமுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எடை 546. காலையில் தட்டைத் தட்டினால் கவுனி அரிசி பழைய நீளத்துக்கு வந்திருக்கிறது.

அதில் ஒரு புழுக்கையின் நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஊசியால் பிரித்துப் பார்த்தேன். அரை அங்குலம் நூல். பொம்மையில் இருந்த அதே சிவப்பு. இன்னொன்றில் சின்ன இழை. மீதி ஒன்றரை அங்குலத்துக்காகத் தினமும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், மருந்தை நிறுத்தாமல் இன்னும் மூன்று நாள் தொடரச் சொன்னார். பொரியா, பொம்மையா என்று கேட்டதற்கு, "இரண்டையும் சேர்த்துத் தின்றிருக்கிறதே அம்மா" என்றார்.

நாத்தனார் பெண் மறுபடி வந்திருந்தாள். கூண்டு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனாள். யாரும் சொல்லவில்லை.

மூலக்கடை_மோகன் (7.48)

நல்ல செய்தி அக்கா. இன்னும் பத்து நாளில் ராத்திரி முழுக்க வெடிச் சத்தம் ஆரம்பித்துவிடும். கூண்டு தெருப் பக்க அறையிலா இருக்கிறது?

பெரம்பூர்_பொண்ணு (8.05)

ஆமாம், தெருப் பக்கம்தான். இன்றே உள் அறைக்கு மாற்றுகிறோம். பாட்டியின் கட்டிலைத்தான் நகர்த்த வேண்டும், அவரிடம் நீங்கள் யாராவது வந்து பேசுங்கள்.