வளாகத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால்: புதிதாகப் போன பிள்ளைகளுக்கும் ஊரில் காத்திருக்கும் பெற்றோருக்கும்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புதிதாகப் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். வீடு எடுப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது, குளிருடுப்பு வாங்குவது பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் ஊரிலிருக்கும் தாய் தகப்பன் என்ன ஆகிறார்கள், அவர்களுக்காக நீங்கள் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பதை ஒருவரும் எழுதவில்லை. போன கிழமை ஒரு தங்கச்சி, "அம்மா அழுதபடி திரும்பி வந்துவிடு என்கிறார், நான் என்ன சொல்வது?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நேரத்தைப் பாருங்கள். 2023 பெப்ரவரி 13ஆம் திகதி இரவு எட்டேகால் அளவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் சுடத் தொடங்கினான். யாழ்ப்பாணத்தில் அப்போது மறுநாள் காலை ஆறே முக்கால். மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் படுகாயமடைந்தார்கள். ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. இங்கே காலை பத்தரைக்கும் மேல். அந்த நாலு மணி நேரமும் மாணவர்கள் கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்து, விளக்கை அணைத்து இருந்தார்கள். அந்தக் கட்டடத்திலும் சூடு, இந்தக் கட்டடத்திலும் சூடு என்று பொய்த் தகவல்கள் பொலிஸுக்கே வந்து குவிந்தன. இங்கிருக்கும் ஒரு தாய்க்கு அது அடுப்பு மூட்டும் நேரம், தகப்பன் வேலைக்குப் புறப்படும் நேரம். அப்போதுதான் கைத்தொலைபேசியில் செய்தி வந்து விழுகிறது.

என் மகளின் வளாகத்திலும் ஒரு முறை இப்படி எச்சரிக்கை வந்தது. பின்னர் அது பொய்யான தகவல் என்று தெரிந்தது. ஆனால் அது தெரியவரும் வரை, வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைக் குறி மட்டுமே நின்றது. இரண்டாவது குறி விழவில்லை. இவர் முற்றத்துக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒன்றும் பேசாமல் என் அருகில் அமர்ந்தார். என் கை திரும்பத் திரும்ப மகளுடைய எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது.

பெற்றோரே, அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். இதை உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் மூச்சை அடக்கி ஒளிந்திருக்கும் பிள்ளையின் தொலைபேசி ஒலித்தால், இன்ன அறையில் ஆள் இருக்கிறது என்று சுடுபவனுக்கு அது காட்டிக்கொடுக்கும். அதிர்வுகூட மேசையில் கேட்கும். 2007 ஏப்ரல் 16 அன்று வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட பிறகு உள்ளே போன மீட்புப் பணியாளர்கள் மறக்க முடியாமல் சொன்ன விடயம், இறந்து கிடந்த பிள்ளைகளின் தொலைபேசிகள் ஒலித்துக்கொண்டே இருந்தன என்பதுதான். மறுமுனையில் இருந்தவர்கள் பெற்றவர்கள். அதை வாசித்த நாளிலிருந்து என் கையைக் கட்டுப்படுத்தப் பழகி வருகிறேன். குறுஞ்செய்தி ஒன்று போதும்: "பாதுகாப்பான பிறகு பதில் போடு."

பிள்ளைகளே, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் அவசர எச்சரிக்கைச் செய்திகளுக்கு உங்கள் எண் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சில இடங்களில் இன்னொரு எண்ணையும் சேர்க்கலாம். அந்த நாட்டு எண்ணை மட்டுமே ஏற்கும் என்றால் அங்கேயே இருக்கும் ஓர் உறவினரின் எண்ணைக் கொடுங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சித்தியோ மாமாவோ இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் இன்று அரிது. உறவினர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, முன்கூட்டியே தெரிந்தெடுங்கள். நீங்கள் அவருக்கு ஒரு சொல் அனுப்பினால் அவர் ஊருக்குச் சொல்லுவார். ஊரிலும் எல்லோரும் அவரிடமே கேட்க வேண்டும். உறவினர் இருபது பேர் உங்களை அழைத்துக்கொண்டிருந்தால் உங்கள் தொலைபேசியின் மின்கலம் அழைப்புகளிலேயே தீர்ந்துபோகும்.

அடுத்தது பெயர். இது நம்மவருக்கே உரிய சிக்கல். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்று. கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும். அதை அமெரிக்கப் பல்கலைக்கழகம் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, வைத்தியசாலையிலோ உதவி எண்ணிலோ அம்மா வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி ஒருவரும் இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைக் கேட்கும் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிவில் இருக்கும் உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் அப்படியே, பிறந்த திகதி, மாணவர் இலக்கம், தங்குமிட முகவரி ஆகியவற்றுடன் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். பதினெட்டு வயது தாண்டியபின் அமெரிக்காவில் உங்கள் கல்விப் பதிவுகளின் உரிமை உங்களிடமே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேளையில் பெற்றோருக்குத் தகவல் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றாலும், ஒப்புதல் படிவத்தில் முன்பே கையெழுத்திட்டு வைப்பது நல்லது. அவசரத் தொடர்பாளராக ஆங்கிலம் பேசக்கூடிய ஒருவரின் பெயரையும் போடுங்கள்.

இனி அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா ஏன் இப்படிப் பதறுகிறார் என்பதை உங்கள் வயதுப் பிள்ளைகள் முழுதாக அறிந்திருக்க மாட்டீர்கள். போர்க்காலத்தில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள். 1995 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்ததை அறிந்தவர்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் தகப்பன், ஒரு வைத்தியர், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வரை போய் நீதி கேட்டார். குற்றம் சாட்டப்பட்டிருந்த படையினரை 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. போர் முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும், 2016 ஒக்ரோபர் 20 இரவு, குளப்பிட்டிச் சந்தியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் வந்தது விபத்து என்ற செய்தி. பிரேத பரிசோதனையில்தான் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. பொலிஸார் ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்கள்.

ஆகவே, முதலில் வரும் செய்தியை நம்பக்கூடாது என்பதை எங்கள் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அங்கிருந்து "ஒன்றும் இல்லை அம்மா, பயப்படாதீர்கள்" என்றால் அவர் காதில் அது எதையோ மறைப்பதாகவே விழும். அவருக்குத் தேவை விவரம். எங்கே இருந்தாய், கதவு பூட்டியிருந்ததா, கூட யார் இருந்தார்கள், எப்போது வெளியே வந்தாய், இரவு என்ன சாப்பிட்டாய் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். முகத்தைக் காட்டிப் பேசுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம்முடைய பெற்றோர் பயத்தைத் தாங்குவார்கள், மறைப்பைத் தாங்கமாட்டார்கள்.

"திரும்பி வா" என்பதற்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் பாடங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டால் விசா நிலையையே இழக்க நேரிடும். முதலில் அந்த அலுவலகத்தில் பேசுங்கள், பயணத்துக்கான கையெழுத்தை, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் வாங்குங்கள், அதன் பிறகு டிக்கெட்டைப் பாருங்கள். சம்பவத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் விட்டுக்கொடுத்து நடப்பதும் உண்டு. வேர்ஜீனியா டெக்கில் அதுவரை பெற்ற புள்ளிகளுடனேயே பருவத்தை முடித்துக்கொள்ள மாணவர்களை அனுமதித்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். இரண்டு கிழமை ஊருக்கு வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போக முடியுமென்றால் வந்து போங்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேர்ஜீனியா டெக்கில் இறந்தவர்களில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் தமிழ்நாட்டின் கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தமிழர். நோரிஸ் மண்டபத்தில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது மாணவர்களோடு சேர்த்துச் சுடப்பட்டார். அந்த இழவு கடல் கடந்துதான் ஊருக்கு வந்தது. இப்படி ஒன்று நம்மவரில் யாருக்கேனும் நேர்ந்தால், அறைத் தோழர்கள்தான் முதல் உறவு. பிரேத பரிசோதனை முடிந்து உடல் கையில் கிடைக்க நாட்கள் ஆகும். பெற்றோர் போவதென்றால் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அவசர நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகத்தின் கடிதம் அதற்கு உதவும். எட்டு, அந்தியேட்டி முதலிய இழவுச் சடங்குகள் எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், அங்கிருப்பவர்கள் அவசரப்படுத்தக் கூடாது. பெயர் உறுதியாகும் முன் முகநூலில் படம் போடாதீர்கள். தாய் தகப்பன் அதில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமையை யாரும் செய்யக்கூடாது.

அந்த அம்மா உங்களிடம் ஒன்றையே பத்துத் தரம் கேட்பார். கடைசியாக யாரோடு பேசினான், அன்று காலையில் சாப்பிட்டானா, எந்தச் சட்டை போட்டிருந்தான். பத்துத் தரமும் பதில் சொல்லுங்கள். அவனுடைய மேசையை அவசரமாக ஒதுக்கிப் பெட்டியில் கட்டிவிடாதீர்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள். கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கம்கூட அவருக்கு வேண்டும்.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு வரும் கோபத்தை அடக்கச் சொல்லாதீர்கள். வேர்ஜீனியா டெக்கில் காலை ஏழேகால் அளவில் தங்குமிடத்தில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. நோரிஸ் மண்டபத்தில் சூடு தொடங்கியது 9.40 அளவில். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டன. பெரும்பாலானோர் 2008இல் மாநில அரசுடன் இணக்கத்துக்கு வந்தார்கள். இரண்டு குடும்பங்கள் மறுத்து வழக்காடின. 2012இல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆனாலும் கேள்வி வீண்போகவில்லை. உடனடி ஆபத்து என்றால் தாமதமின்றி வளாகம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும் என்பது 2008இல் அமெரிக்கச் சட்டத்தில் சேர்ந்தது. மொன்றியலில் 1989 டிசெம்பர் 6 அன்று பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்ட பிறகு, அவர்களுடைய குடும்பங்களும் உயிர் தப்பிய மாணவர்களும் போராடியதன் பயனாக 1995இல் கனடாவின் துப்பாக்கிச் சட்டம் வந்தது. மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 2002இல் இரண்டு மாணவர்கள் இறந்த பிறகு அவுஸ்திரேலியா கைத்துப்பாக்கி விதிகளை இறுக்கியது.

அந்த அமெரிக்கச் சட்டத்தின் வேரிலும் ஒரு தாய் தகப்பன்தான் இருக்கிறார்கள். 1986இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில், தங்குமிட அறையிலேயே கொல்லப்பட்ட ஜீன் கிளேரியின் பெற்றோர், வளாகத்தில் நடக்கும் குற்றங்களை மறைக்கக்கூடாது என்று போராடி 1990இல் மகளின் பெயரால் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் ஒக்ரோபர் 1க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். யாரும் வாசிக்கலாம், ஊரிலிருந்தும் வாசிக்கலாம். பெற்றோரே, பிள்ளையிடம் கேட்டு அந்த அறிக்கையை வாங்கி இருவருமாக இருந்து வாசியுங்கள். எச்சரிக்கையை யார் அனுப்புவார், எந்த வழியில் அனுப்புவார், தங்குமிடக் கதவுகள் தாமாகப் பூட்டுமா, வெளிநாட்டுப் பெற்றோர் அழைக்க எந்த எண் என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். நீங்கள் தமிழில் சொல்ல, பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். கடிதம் உங்கள் பெயரில் போகட்டும்.